இசைக்கு எவ்வளவு தெரியும்? ஒரே ஜோடியின் பின்னணி இசைகளை ஒப்பிட்டுக் கேட்பது எப்படி

காட்பாடியில் கல்லூரி படிக்கும் என் அக்கா பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். இயர்போனை ஒரு காதிலிருந்து மட்டும் கழற்றிவிட்டு, "மாமா, 'நாயகன்' ஆர்.ஆர். பெரிசா, 'தளபதி' ஆர்.ஆர். பெரிசா?" என்று கேட்டான்.

இரண்டுக்கும் இயக்கம் மணிரத்னம், இசை இளையராஜா. பதிலை அவனே கையில் வைத்திருந்தான். "தளபதியிலதான் வயலின் நிறைய. கேட்டாலே பிரம்மாண்டமா இருக்கு. அதனால அதுதான் பெரிசு." கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டு வசதியைக் கணக்குப் போடும் பெரியவர்கள் ஊரில் உண்டு. அவர்கள் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் இசையை அப்படித் தலை எண்ணிப் பார்க்க முடியாது.

அன்று அவனோடு பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ராகம் தெரியாது, நோட்ஸ் வாசிக்கத் தெரியாது என்பவர்கள் தாராளமாகப் படிக்கலாம். எனக்கும் நோட்ஸ் வாசிக்கத் தெரியாது.

முதலில் ஆர்.ஆர். என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ரீ-ரெக்கார்டிங் என்பதன் சுருக்கம் அது. இப்போது பிள்ளைகள் பிஜிஎம் என்கிறார்கள். நம் ஊரில் பாட்டு பெரும்பாலும் படப்பிடிப்புக்கு முன்பே பதிவாகிவிடும். நடிகர்கள் அதற்கு வாயசைப்பார்கள். ஆர்.ஆர். அப்படியில்லை. படம் எடுத்து, வெட்டி, ஒட்டி, வரிசைப்படுத்திய பிறகு, அதைத் திரையில் ஓடவிட்டு, எந்த இடத்தில் இசை தொடங்க வேண்டும், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்து சேர்ப்பது. இந்த 'எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது' என்பதை இயக்குநரும் இசையமைப்பாளரும் சேர்ந்து பேசித் தீர்மானிக்கிறார்கள். மெட்டு இசையமைப்பாளருடையதுதான், அது வந்து உட்காரும் இடத்தில் இயக்குநரின் கையும் இருக்கிறது. ஒப்பிடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

ஆர்கெஸ்ட்ரா என்றதும் மிரள வேண்டாம். நம் ஊர் பேண்டு செட்டில் பாதி ஆர்கெஸ்ட்ரா ஏற்கெனவே இருக்கிறது. டிரம்பெட், டிராம்போன் எல்லாம் பித்தளைக் குடும்பம். கிளாரினெட் மரக்காற்று வாத்தியக் குடும்பம். புல்லாங்குழல், ஓபோ, பாசூன் அதன் சொந்தக்காரர்கள். டிரம், ஜால்ரா எல்லாம் தாளக் குடும்பம். பேண்டு செட்டில் இல்லாதது நரம்பு வாத்தியக் குடும்பம்தான்: வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ். தெருவில் நடந்துகொண்டே செல்லோ வாசிக்க முடியாது, அதனால் இல்லை. சினிமா ஆர்கெஸ்ட்ராவில் கதை சொல்லும் பாரத்தைப் பெரும்பாலும் சுமப்பது இந்த நரம்புக் குடும்பம். அவ்வளவுதான் பாடம். மிச்சத்தைக் காது கற்றுக்கொள்ளும்.

சரி, எதற்கு ஒரே இயக்குநர், இசையமைப்பாளர் ஜோடியின் படங்களை எடுத்து ஒப்பிட வேண்டும்? ஆம்பூர் பிரியாணியையும் ஹைதராபாத் பிரியாணியையும் பக்கத்தில் வைத்துப் பேசினால் சண்டைதான் மிஞ்சும். ஒரே மாஸ்டர் கடையில் போட்ட பிரியாணியையும் கல்யாணத்தில் போட்ட பிரியாணியையும் சாப்பிட்டுப் பார்த்தால், அவர் எதை மாற்றுகிறார், எதை விட்டுக்கொடுக்கவே மாட்டார் என்பது தெரியும். இயக்குநர், இசையமைப்பாளர் இருவரும் மாறாமல் கதை மட்டும் மாறும்போது, கதைக்காக அவர்கள் எடுத்த முடிவுகள் தெளிவாக வெளியே வருகின்றன.

ஒப்பிட உட்கார்ந்தால் என்னவெல்லாமோ கேட்கலாம். நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறேன்: இந்த இசைக்கு எவ்வளவு தெரியும்?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது சினிமா இல்லை, கூத்து. வடாற்காட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயில் காலத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். ராத்திரி கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. கூத்தில் ராஜா வேஷம் நேராக நடந்து வந்துவிடாது. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்து நிற்பார்கள். பின்னால் முகவீணை (சின்ன நாதஸ்வரம் மாதிரி ஊதும் வாத்தியம்) ஏறும், ஆர்மோனியமும் மிருதங்கமும் தாளமும் சேரும். திரைக்குப் பின்னாலிருந்து குரல் வரும். கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும், சலங்கைச் சத்தம் கேட்கும். முகம் தெரியாது. ஆனால் வருவது யார் என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். அரைத் தூக்கத்திலிருந்த என் பாட்டி எழுந்து புடவையைச் சரிசெய்துகொள்வார்.

இசை முன்னால் வருகிறது, ஆள் பின்னால் வருகிறான். அதாவது இசைக்கு நமக்கு முன்பே ஏதோ தெரிந்திருக்கிறது. மேற்கத்திய இசையில் ஓர் ஆளுக்கோ, பொருளுக்கோ, எண்ணத்துக்கோ ஒரு சின்ன இசைத்துண்டைக் கட்டிவிட்டு, அது வரும்போதெல்லாம் அந்த ஆள் நினைவுக்கு வரும்படி செய்வதை லெய்ட்மோட்டிஃப் என்பார்கள். ஜெர்மன் சொல். வாயில் நுழையவில்லை என்றால் 'அடையாள மெட்டு' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு உலகம் முழுக்கக் காட்டும் உதாரணம் ஸ்டீவன் ஸ்பில்பெர்க் இயக்கி 1975-இல் வந்த 'ஜாஸ்'. இசை ஜான் வில்லியம்ஸ். சுறா வருவதற்கு அவர் வைத்த மெட்டில் அடிப்படையாக இருப்பவை அடுத்தடுத்த இரண்டே சுரங்கள். செல்லோவும் டபுள் பேஸும் கீழே உறுமுகின்றன. மெதுவாக, அப்புறம் கொஞ்சம் வேகமாக, அப்புறம் இன்னும் வேகமாக. வில்லியம்ஸ் இதை முதலில் பியானோவில் வாசித்துக் காட்டியபோது விளையாட்டுக்குச் செய்கிறார் என்று நினைத்து ஸ்பில்பெர்க் சிரித்துவிட்டார். ஆனால் படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் அடிக்கடி பழுதாகி நின்றது. காட்ட முடியாத சுறாவுக்குப் பதிலாகப் பல இடங்களில் இந்த இரண்டு சுரம்தான் நீந்துகிறது.

பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு இதைவிடப் பிடித்தது வேறு. படத்தில் இரண்டு பையன்கள் அட்டையில் சுறாத் துடுப்பு செய்து தண்ணீரில் நகர்த்தி ஊரையே ஓட விடுவார்கள். கூட்டம் அலறும். ஆனால் அந்த மெட்டு வராது. இசைக்குத் தெரியும், அது பொய்ச் சுறா என்று! பொய் சொல்லாத இசை என்று நாம் நம்ப ஆரம்பித்த பிறகு, இன்னொரு இடத்தில் நிஜச் சுறாவே எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் படகுக்குப் பின்னால் தலையைத் தூக்கும். இசை நம்மைக் கைவிட்ட அந்த ஒரு நொடியில்தான் நாற்காலியிலிருந்து துள்ளுகிறோம்.

அதே ஜோடியின் 'ஈ.டி.' (1982). ஒரு பையனுக்கும் வேற்றுக்கிரகவாசி ஒன்றுக்கும் வரும் நட்புதான் கதை. இங்கே இசைக்குத் தெரிந்தது ஆபத்து இல்லை, அந்தப் பையனின் மனசு. சைக்கிள் வானத்தில் பறக்கும்போது வரும் பெரிய மெட்டு முதலிலேயே முழுசாக வந்துவிடாது. துண்டு துண்டாகத் தலைகாட்டும், பாதியில் நின்றுவிடும். நட்பு முழுமையாகும்போது மெட்டும் முழுமையாகிறது. கடைசித் துரத்தல் காட்சிக்கு இசை பதிவு செய்தபோது, படத்தின் ஒவ்வொரு நொடிக்கும் கணக்காக வாத்தியக் குழுவை ஓட்ட வில்லியம்ஸ் சிரமப்பட்டார். ஸ்பில்பெர்க், திரையில் ஓடும் படத்தை நிறுத்திவிட்டு, கச்சேரியில் நடத்துவதுபோல நடத்துங்கள் என்று சொல்லிவிட்டு, அப்படிப் பதிவான இசைக்குத் தகுந்தபடி படத்தை மறுபடி வெட்டினார். வழக்கமாகப் படம் முன்னால் நடக்கும், இசை பின்தொடரும். இங்கே தலைகீழ். ஒரே ஜோடிக்குள் நம்பிக்கை எப்படி வளர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை என்று நினைக்கிறேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் சிரித்த அதே ஆள்தான் இவர்.

இன்னும் ஒரு படி போகலாம். 1993-இல் மட்டும் இந்த ஜோடியின் இரண்டு படங்கள் வந்தன: 'ஜுராசிக் பார்க்', 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்'. முதல் படத்தில் பெரிய டைனோசரை முதன்முதலாகப் பார்க்கும் இடத்தில், நாம் எதிர்பார்க்கும் பயம் வருவதில்லை. கோயிலுக்குள் நுழைந்தது மாதிரி ஒரு கம்பீரம் வருகிறது. பின்னால் வரப்போகும் ரத்தம் அந்த இசைக்குத் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருக்கிறது. இரண்டாவது படத்தில் யூதர்களின் படுகொலை. அந்த மெட்டை இட்சாக் பெர்ல்மன் என்ற வயலின் மேதை தனியாக வாசிக்கிறார். ஆர்கெஸ்ட்ரா அவருக்குப் பின்னால் தள்ளி நிற்கிறது. நடந்தது என்னவென்று அந்த வயலினுக்கு முழுசாகத் தெரியும். அதனால் அது எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அழுகிறது, அதையும் அடக்கமாக. ஒரே ஆண்டு, அதே இரண்டு பேர். பெரிசு, சின்னது என்று அளந்தால் இங்கே என்ன கிடைக்கும்?

இப்போது அக்கா பையனின் கேள்விக்கு வருகிறேன். மணிரத்னமும் இளையராஜாவும் 1983-இல் 'பல்லவி அனு பல்லவி' என்ற கன்னடப் படத்தில் சேர்ந்து, 1991-இல் 'தளபதி'யோடு பிரிந்தார்கள். அடுத்த ஆண்டு 'ரோஜா', ஏ.ஆர். ரகுமான். நடுவில் 'மௌன ராகம்' (1986), 'நாயகன்' (1987), 'அஞ்சலி' (1990) எல்லாம் இருக்கின்றன.

'நாயகன்' படத்தை 'தென்பாண்டிச் சீமையிலே' என்ற ஒரே மெட்டு நூல் கோத்தது மாதிரி இழுத்துக்கொண்டு போகிறது. இளையராஜா குரலில் ஒரு முறை, கமல்ஹாசன் குரலில் ஒரு முறை, வாத்தியத்தில் வேறு சில முறை. தாலாட்டா, ஒப்பாரியா என்று பிரித்துச் சொல்ல முடியாத மெட்டு அது. தாலாட்டு என்று நினைத்துக் கேட்டால் தூங்க வைக்கும். ஒப்பாரி என்று நினைத்தால் தூக்கத்தைக் கெடுக்கும். கவனித்தால், வேலு நாயக்கருக்குத் தெரிந்ததைவிட அதிகமாக அந்த இசைக்கு எதுவும் தெரியாது. சாவு வருகிறது என்று அது முன்னால் ஓடிவந்து சொல்வதில்லை. இழவு விழுந்த பிறகு திண்ணையில் வந்து உட்காரும் உறவுக்காரர் மாதிரி, அப்புறம்தான் வந்து பக்கத்தில் உட்காருகிறது. அந்த வேலைக்கு ஆர்கெஸ்ட்ரா பெரிசாக இருக்க வேண்டியதில்லை. பெரிசாக இருந்தால் கெட்டுப்போகும்.

'தளபதி' கர்ணன் கதை. இதைச் சொன்னதும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது வேறு படமாகிவிடும். 'கர்ண மோட்சம்' கூத்தை விடிய விடியப் பார்த்த ஊர் இது. கர்ணன் போருக்குக் கிளம்பும் முன் மனைவி பொன்னுருவியோடு பேசும் இடத்தில் எத்தனை பேர் மூக்கைச் சிந்துவார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கே கூட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் கர்ணன் யார் பிள்ளை என்று தெரியும். தெரிந்துகொண்டே பார்ப்பதுதான் அதன் வலி.

படத்தில் அந்த வேலையை இசை எடுத்துக்கொள்கிறது. கறுப்பு வெள்ளையில் தொடங்கும் முதல் காட்சிகள்: போகிப் பண்டிகை, ஒரு சிறுமிக்குப் பிள்ளை பிறக்கிறது, அவள் அதைக் கூட்ஸ் ரயிலில் விட்டுவிடுகிறாள். பிறகு 'சின்னத்தாயவள்' மெட்டும் ரயில் சத்தமும் அந்தத் தாயையும் பிள்ளையையும் இணைக்கும் கயிறாகிவிடுகின்றன. அந்தப் பிள்ளை வளர்ந்து சூர்யா ஆகிறான். அவனுக்குத் தன் தாய் யார் என்று தெரியாது. தாய்க்குத் தன் பிள்ளை எங்கே என்று தெரியாது. இசைக்கு இரண்டும் தெரியும். அது வயலின்களைக் கூட்டமாகக் கிளப்பும்போது வசதியைக் காட்டவில்லை. மேலேயிருந்து பார்க்கும் ஒன்றின் குரலாகப் பேசுகிறது. விதி என்று சொல்லுங்கள், சூரியன் என்று சொல்லுங்கள், திரைக்குப் பின்னாலிருந்து பாடும் கூத்துக்காரர் என்று சொல்லுங்கள். அந்தக் குரலுக்குப் பத்து வயலின் பத்தாது.

"அப்போ, பெரிசுங்கிறது கதையோட தேவைதான், இல்ல மாமா?" என்றான். ஆமாம் என்றேன். ஆனாலும் அவன் முகத்தில் 'தளபதிதான்' என்பது அழியவில்லை. எனக்கு 'நாயகன்'தான். அது கேட்கிறவர் குணம், அதில் நியாயம் பேச முடியாது.

இசை இல்லாத இடத்தையும் கேட்கப் பழக வேண்டும். "தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை" என்று வேலூரைக் கேலி பேசுவார்கள். (கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981-இல் திரும்பி வந்துவிட்டார், பாலாற்றில் தண்ணீர்தான் எப்போதாவது வருகிறது.) இல்லாததை வைத்தே அடையாளம் சொல்லிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இது கஷ்டமாக இருக்காது.

ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக், பெர்னார்ட் ஹெர்மன் ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-இல் வந்த 'சைக்கோ'வில் ஹெர்மன் நரம்பு வாத்தியங்களை மட்டுமே வைத்தார். பித்தளை கிடையாது, டிரம் கிடையாது. குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் சொல்லியிருந்தார். ஹெர்மன் கேட்காமல் எழுதி வாசித்துக் காட்ட, ஹிட்ச்காக் மனம் மாறினார். அந்தக் கீச்சிடும் வயலின் எல்லோருக்கும் தெரியும். நான் பார்க்கச் சொல்வது அதற்கு முன்னால் வரும் கார் காட்சி. பணத்தைத் திருடிக்கொண்டு ஒரு பெண் கார் ஓட்டிப் போகிறாள். ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் யாரோ வேலைக்குப் போகிற மாதிரிதான் இருக்கும். ஒலியோடு பார்த்தால், இவள் போய்ச் சேர மாட்டாள் என்று வயிறு சொல்லிவிடுகிறது.

மூன்று வருடம் கழித்து 'தி பேர்ட்ஸ்'. அதே ஜோடி, ஆனால் பின்னணி இசையே கிடையாது. பறவைகளின் கத்தலும் சிறகடிப்பும் மின்னணுக் கருவியில் உருவாக்கிய ஒலிகளுமே. ஹெர்மனின் பெயர் ஒலி ஆலோசகர் என்று வருகிறது. பறவைகள் ஏன் மனிதர்களைத் தாக்குகின்றன என்று அந்தப் படம் கடைசிவரை சொல்வதில்லை. யாருக்கும் தெரியாத ஒன்றை இசைக்கு மட்டும் எப்படித் தெரியவைப்பது? அதனால் இசையே இல்லை. இந்த ஜோடி 1966-இல் 'டார்ன் கர்ட்டன்' படத்தில் முறிந்தது. ஹிட்ச்காக் காலத்துக்கேற்ற இலகுவான இசை கேட்டார். ஹெர்மன் பதினாறு ஹார்ன், பன்னிரண்டு புல்லாங்குழல் என்று கனமாக எழுதிவந்தார். பதிவின் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். படம் வேறு ஒருவர் இசையோடு வெளிவந்தது. சண்டையும் ஒப்பிடுவதற்கு ஒரு பொருள்தான்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன். மூன்று நிமிடக் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டாம், அலுத்துவிடும். முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மூன்றாவது முறை இரண்டையும் சேர்த்து. இசை எந்த நொடியில் நுழைகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள்: ஆள் வருவதற்கு முன்னாலா, வந்த பிறகா, வசனத்துக்கு நடுவிலா? எந்தக் குடும்பம் முன்னால் நிற்கிறது? முன்பு வந்த மெட்டுதானா, ஆமென்றால் வேகம் கூடியிருக்கிறதா, வாத்தியம் மாறியிருக்கிறதா? அதே ஜோடியின் இன்னொரு படத்தில் இதே மாதிரி ஒரு காட்சியைத் தேடி இதையே செய்யுங்கள். சாவுக்குச் சாவு, சந்திப்புக்குச் சந்திப்பு. சண்டைக் காட்சியையும் தாலாட்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றும் புரியாது.

இரண்டு எச்சரிக்கை. ஆல்பமாக வெளிவருவது பல நேரம் படத்தில் இருப்பதே அல்ல. 'ஜாஸ்' இசைத்தட்டு 1975-இல் தனியாக மறுபடி வாசித்துப் பதிவு செய்தது. ஆகவே ஆல்பத்தைக் கேட்டுவிட்டுப் படத்தின் ஆர்.ஆர். பற்றித் தீர்ப்பு சொல்லக் கூடாது. இன்னொன்று, பழைய தமிழ்ப் படங்களின் தேய்ந்த பிரதிகள். நானே ஒரு தேய்ந்த பிரதியைக் கேட்டுவிட்டு, "இதில் பேஸே இல்லை" என்று ஒரு டீக்கடையில் வாதாடி, பிறகு நல்ல பிரதியைக் கேட்டதும் அந்தக் கடைப் பக்கம் ஒரு வாரம் போகவில்லை.

'பாட்டு நல்லா இருக்கு, அதனால ஆர்.ஆர். நல்லா இருக்கு' என்ற குழப்பம் வேறு. அதற்கு மருந்து பாலு மகேந்திராவின் 'வீடு'. பாட்டே இல்லாத படம். பின்னணிக்கு இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்திலிருந்தே இசையை எடுத்துப் பயன்படுத்தினார்கள். அந்தப் படத்துக்காக எழுதாத இசை, ஒரு நடுத்தரக் குடும்பம் வீடு கட்டப் படும் பாட்டுக்கு எப்படிப் பொருந்துகிறது என்று உட்கார்ந்து யோசித்தால் ஒரு மாலை போய்விடும். பிறகு இதே இருவரின் 'மூன்றாம் பிறை'யை எடுத்துக்கொண்டால் இன்னொரு மாலையும் போகும்.

அக்கா பையன் இப்போது ரகுமான், மணிரத்னம் பக்கம் போயிருக்கிறான். 'பம்பாய்' படத்தின் புல்லாங்குழலையும் 'இருவர்' படத்தையும் பக்கத்தில் வைத்து ஏதோ தாளில் எழுதிக்கொண்டிருக்கிறான். போன வாரம் எங்கள் பக்கத்து ஊரில் 'கர்ண மோட்சம்' போட்டார்கள். கூட்டிக்கொண்டு போனேன். முகவீணை ஏறியதும் போனைப் பாக்கெட்டில் வைத்தான். திரைத் துணி இன்னும் விலகவில்லை. "கர்ணன்தானே மாமா?" என்று என் காதில் கேட்டான்.